உயரம் குறைத்த ஸ்விஃப்ட் காரில் முன்பக்கத் தட்டல் ஒலி: செலவுக்கு முன் ஒரு சோதனை

வணக்கம் நண்பரே. நீங்கள் வாங்கிய பழைய ஸ்விஃப்டில் முந்தைய உரிமையாளர் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளை மாட்டியிருப்பதாகவும், வேகத்தடையில் முன்பக்கத்தில் தட்டும் ஒலி வருவதாகவும், முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உறுதியாக நிறுத்திய பின், சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். அது தளர்ந்து சுழன்றால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகி மீண்டும் அமரும் ஒலியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஷாக் அப்சார்பரின் தண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை உயர்த்தி, ஸ்பிரிங் முழுதாக அழுந்தும்போது அடியைத் தாங்கும் மெத்தையான பம்ப் ஸ்டாப்பையும் பாருங்கள். இத்தகைய வண்டிகளில் அது ஓயாமல் நசுங்கி, தொட்டாலே விரலில் பொடியாக உதிரும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அதையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

டயர் தேய்வில் கேம்பரைவிட (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) டோ அளவின் மீதே (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) எனக்குச் சந்தேகம் அதிகம்; உயரம் குறைந்ததும் அதுவும் மாறிவிடும்.

நிறுவனத்தின் அசல் ஸ்பிரிங்குகளுக்கே திரும்பிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பல பட்டறைகளில் தவறவிடும் ஒன்று உண்டு: சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறியே நின்று விரைவில் கிழியும். அலைன்மென்ட்டை அதன் பிறகே செய்யுங்கள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியில்லாமல் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) மேல்நட்டை யாரும் கழற்ற விடாதீர்கள். அழுந்திய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.