மேஸ்திரியிடம் கேளுங்கள்: மேற்கு பார்த்த தேக்குக் கதவு

மேஸ்திரி அண்ணாச்சிக்கு வணக்கம். வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. தலைவாசல் மேற்கு பார்த்தது, தேக்குக் கதவு. பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள். இப்போது கீழ்ப்பாதி உரிந்து தொங்குகிறது. மேல்பாதி நன்றாகவே இருக்கிறது. கடையில் ஒருவர் மெலமைன் பூச்சு என்கிறார், இன்னொருவர் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு என்கிறார். மரத்தின் ரேகை தெரிய வேண்டும், பெயிண்ட் அடிக்க மனசில்லை. பத்து வருஷம் தாங்க எதை அடிக்கலாம்?
– ஒரு வாசகி, புளியரை

பத்து வருஷம் சும்மா விட்டாலும் தாங்கும் கிளியர், அதாவது மரம் தெரிகிற தெளிந்த பூச்சு, கிடையாது, தங்கச்சி. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்பவர் அதை விற்பவராக இருப்பார்.

தொங்குகிற ஏட்டில் ஒன்றைப் பிய்த்து உள்பக்கத்தைப் பாருங்கள். பூனை முடி மாதிரி மரநார் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஏட்டை வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் கண்ணாடியாகத்தான் தெரியும். வார்னிஷ் மரத்தை விடவில்லை, மரம்தான் வார்னிஷை விட்டிருக்கிறது. மரநாரைப் பசைபோலச் சேர்த்துப் பிடித்திருப்பது லிக்னின். வெயிலின் புற ஊதாக் கதிர் தெளிந்த பூச்சுக்குள் புகுந்து அதைச் சிதைத்துவிடும். பிடி போன இடத்தில், ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடிக்கிற சாரல் புகுந்து மிச்ச வேலையை முடிக்கும். பெயிண்டில் நிறப்பொடி இருப்பதால் கதிர் மரம் வரை போகாது. உங்கள் கதவின் மேல்பாதி தப்பித்தது சன்ஷேடு நிழலால், வார்னிஷால் அல்ல. பேர்போன நிலம்பூர்த் தேக்கானாலும் இதே கதிதான். தேக்கின் எண்ணெய் கரையானை விரட்டும், வெயிலிடம் அது செல்லாது.

மெலமைன் வேண்டாம். கட்டில், அலமாரிக்கு அருமை. வெளியே விறைத்து வெடிக்கும். பி.யு.வில் உள் வேலைக்கு வேறு, வெளி வேலைக்கு வேறு. டப்பாவில் எக்ஸ்டீரியர் என்று எழுதியிருக்க வேண்டும். அதை வாங்கிவிட்டும் அடியில், மரத்துளையை அடைக்கிற வழக்கமான சாண்டிங் சீலரை அடித்துக் கெடுப்பவர்கள் உண்டு. நானே கெடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், செங்கோட்டையில் என் அக்கா வீட்டுக் கதவுக்கு உள் வேலைச் சீலரைப் போட்டு மேலே நல்ல பி.யு. அடித்தேன். அந்தச் சீலர் மென்மையானது, ஈரத்துக்கு நிற்காது. ஒரு சாரல் சீசன்தான் ஆனது. அத்தான் ஒரு முழ நீள ஏட்டை உரித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். ஓசியில் வேறு செய்து கொடுத்திருந்தேன், திட்டவும் முடியவில்லை போல.

உங்களுக்கு நான் சொல்வது ஸ்பார் வார்னிஷ். மரைன் வார்னிஷ் என்றும் கேட்கலாம். பாய்மரத்துக்காக வந்த சரக்கு. மரம் உப்பிச் சுருங்கும்போது கூடவே இழுபடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எக்ஸ்டீரியர் பி.யு. இதைவிடக் கெட்டிதான். ஆனால் அது உரிந்தால் முழுசாகச் சுரண்டியாக வேண்டும். ஸ்பாருக்கு லேசாகத் தேய்த்து மேலே ஒரு கை போட்டால் போதும்.

வேலையைத் தை, மாசியில் வையுங்கள். கதவைக் கீலிலிருந்து கழற்றிக் கொட்டகையில் கிடத்துங்கள். வாசலுக்கு ஒரு வாரம் பிளைவுட் பலகைதான், வீட்டில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று போய்ச் சாம்பல் நிறம் துளிகூட இல்லாமல் தேயுங்கள். செத்த நாரின் மேல் எதை அடித்தாலும் நிற்காது. தின்னர் தோய்த்த துணியால் தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, தேக்கு நிறத்தில் வெளி வேலைக்கான வுட் ஸ்டெயின் ஒரு கை. ரேகை தெரியும், அதிலுள்ள நிறப்பொடி கொஞ்சம் வெயிலையும் தடுக்கும். காய்ந்தபின் வார்னிஷ்: முதல் பூச்சில் தின்னர் கூடுதல், அப்புறம் மெல்லியதாக ஐந்தாறு. நடுவில் 320ஆல் தடவிவிடுங்கள். ஸ்டெயின் மேல் உப்புத்தாள் படக்கூடாது, நிறம் திட்டாகிவிடும். கதவின் அடிவிளிம்பை நீங்களே குனிந்து பாருங்கள். பெயிண்டர்கள் பெரும்பாலும் தொடாத இடம், தண்ணீர் குடிப்பது அதுதான்.

பிறகு வருஷா வருஷம் சாரலுக்கு முன்னால் கதவைக் கழுவிப் பாருங்கள். பளபளப்பு மங்கியிருந்தால், விரிசல் விடும்வரை காத்திருக்காமல் தேய்த்து இரண்டு கை. இப்படி நடத்தினால் உங்கள் பத்து வருஷம் வரும்.

இன்னொன்று. சன்ஷேடை நீட்ட நினைப்பீர்கள். மேற்கு வெயில் நாலு மணிக்குச் சாய்ந்து, சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தலை குனிந்துதான் திண்ணை ஏற வேண்டும். கூரை அவ்வளவு தாழ இறங்கியிருப்பதால் கதவு வெயிலையே பார்க்காது. உங்களுக்கு ஒரு மூங்கில் தட்டி போதும். இரண்டு மணிக்கு இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுங்கள்.

ஊரில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் எந்த மரமும் கெடாது என்கிறார்கள். தலைவாசலுக்குப் பூசலாமா?
– ஒரு வாசகர், ஆரியங்காவு

முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுத்து, வள்ளத்துக்கு (படகுக்கு) பூசுகிற எண்ணெய்தான், நல்ல சரக்கு. ஆனால் கதவு கருத்துவிடும், ரேகையை மறந்துவிடலாம். கையில் பட்டால் பொத்துப் போகும், அதனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வேலிக்காலுக்கும் தொழுவத்துச் சட்டத்துக்கும் தாராளமாகப் பூசுங்கள். விருந்தாளி கைவைத்துத் தள்ளுகிற கதவுக்கு வேண்டாம்.