அந்தத் திருப்புளி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தலைமைப் பொறியாளர் 34 ஆண்டுப் பணிக்குப் பின் இந்த மாதம் ஓய்வுபெறுகிறார். கட்டட வடிவமைப்பு அவர் துறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலிகளைக் காசு வாங்காமல் பழுதுபார்த்துக் கொடுப்பார். பிரிவு உபசார விழாவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொழிலையும் தொண்டையும் தனித்தனியாகச் சொல்வதா? வாழ்த்துமடலைக் கவிதையாக எழுதலாமா? கேடயத்தில் என்ன பொறிக்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேடயத்தில் பெயரும் ஆண்டும் போதும். கவிதை வேண்டாம்.

என் அப்பா குடிநீர்ப் பம்பு நிலையப் பொறியாளர். அவருடைய பிரிவு உபசாரத்தில் ஏழு பேர் பேசினார்கள். எளிமையானவர், நேரம் தவறாதவர், பழக இனியவர். ஏழு பேரும் இதையேதான் சொன்னார்கள். ஓய்வுபெறும் யாருக்கும் பொருந்துகிற சொற்கள்! அப்பா திருப்புளியின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தி, ஓடும் பம்பின் சத்தத்தைக் கேட்பார். "இது ரெண்டு வாரம் தாங்காது, மாத்திடுங்க" என்பார். மாற்றுவார்கள். குழாய்களில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. பம்புக்குள் சரளைக்கல் உருள்கிற மாதிரி கேட்டால் அது கல் இல்லை, உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து குமிழிகள் உடைகிற சத்தம் என்று எனக்குக் காட்டித் தந்ததும் அவர்தான். அந்தத் திருப்புளியைப் பற்றி மேடையில் ஒருவரும் வாய்திறக்கவில்லை. அன்று வீடு வரும்வரை அப்பா பேசவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்களும் அதே ஏழு பேரில் ஒருவராகத்தான் தயாராகிறீர்கள். 34 ஆண்டு என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, அவர் தடுத்த ஒரு விபத்தைச் சொல்லத் தெரியவில்லையே!

நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம் 1977இல் முடிந்தது. மறு ஆண்டு, அதன் வடிவமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர் தன் கணக்கைத் தானே திரும்பப் பார்த்தார். வெல்டிங் செய்து பற்றவைக்க வேண்டிய இணைப்புகளில் போல்ட் போட்டிருந்தார்கள். மூலைவாக்கில் அடிக்கும் பெருங்காற்றுக்கு அவை போதாது என்று அவர் கணக்கு சொன்னது. பெயர் கெடும் என்று தெரிந்தே போய்ச் சொன்னார். இரவுகளில் எஃகுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். விவரம் வெளியே வந்தது 1995இல்தான். அங்கே வேலைபார்த்தவர்களிடம் மறைத்தது தவறு, அதை நான் ஏற்கவில்லை. ஆனால் முடிந்த கணக்கை மறுபடி விரித்துப் பார்த்தாரே, அந்த மனம்தான் தொழில்.

சக்கர நாற்காலியின் முன்சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றி இறுகிக்கொள்ளும். அதைப் பொறுமையாகப் பிரித்தெடுப்பதும் அதே மனம்தான். தொழில், தொண்டு என்று ஏன் இரண்டாக வெட்டுகிறீர்கள்?

இன்றே அவரிடம் போங்கள். எந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட மறுத்தார், எந்தத் தூணை நினைத்துத் தூங்காமல் கிடந்தார் என்று கேளுங்கள். தயங்குவார், விடாதீர்கள். அவரிடம் நாற்காலியைப் பழுதுபார்த்து வாங்கிப் போனவர்களில் ஒருவரை மேடைக்கு அழைத்து வாருங்கள். பொறியாளர் சொன்னதை அவர் சொன்னபடியே பேசிவிட்டு, எனக்கும் எழுதுங்கள்.