பாடகர் ஒருவர் இனவசை பேசினால் 'பொறுப்புக்கூறல்' என்பது என்ன?

பேசியதை மறைக்காமல் ஏற்று, இழிவுபட்ட சமூகத்திடமே மன்னிப்புக் கேட்டு, செய்ததைத் திருத்துவதுதான் பொறுப்புக்கூறல். "யாருடைய மனமாவது நொந்திருந்தால் வருந்துகிறேன்" என்பது மன்னிப்பில்லை; பழியை நொந்தவர் தலையிலேயே கட்டும் வேலை.

பாடகருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? நாம் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். அவர் பாடினால் பஸ்ஸில் பிள்ளைகள் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். வெள்ளவத்தைக் கடையொன்றில் பழுதான பால்மா விற்றுவிட்டால், முதலாளி வருந்தினால் மட்டும் போதுமா? மிச்சப் பைக்கற்றுகளையும் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். பாட்டிலும் அப்படித்தான்: வரியை மாற்றி, பழைய பதிவை யூடியூப்பிலிருந்து நீக்க வேண்டும்.

புறக்கணிப்பை மட்டும் நம்பினால் சறுக்கும். அமெரிக்கப் பாடகர் மோர்கன் வாலன் கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லைச் சொன்ன வீடியோ 2021 பெப்ரவரியில் வெளிவந்தது. வானொலிகள் அவர் பாடல்களை நிறுத்தின. ஆல்பம் விற்பனையோ கூடியது!

இலங்கையில் பலர் நினைப்பதற்கு மாறாக, 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) எல்லா வசைக்கும் உரியதல்ல; பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்துக்குத்தான் அது.