கேளுங்க அக்கா!

கேள்வி: காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன கேம்பிங் ட்ரெய்லர் வாங்கியிருக்கிறோம். பேச்சிப்பாறை போய்ச் சேர்வதற்குள் நாலு கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டது. பீங்கான் தட்டுகளும் இருக்கின்றன. எப்படி அடுக்குவது அக்கா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நாலோடு போச்சே, தங்கச்சி! குலசேகரம் தாண்டி ஒரே ஒரு பள்ளம், என் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி செட் ஆறும் போச்சு. அலமாரியைத் திறந்ததும் காலடியில் கொட்டியது. "மெதுவாத்தானே ஓட்டினேன்" என்றார் இவர். மெதுவாகத்தான் ஓட்டினார், பாவம். கண்ணாடியோடு கண்ணாடி மோதினால் மெதுவாகப் போனாலும் உடையலாம்.

ஒவ்வொரு டம்ளருக்கும் பழைய சாக்ஸ் மாட்டு. அட்டைப்பெட்டிக்குள் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்து நிறுத்து. இடுக்கில் துவர்த்தை, அதான் துண்டை, திணி. பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. தட்டுகளைப் படுக்கவைக்காதே. அடித்தட்டுதான் எல்லாக் கனத்தையும் சுமக்கும், குலுக்கலில் அதுதான் முதலில் விரிசல் விடும். நடுவே துணி கொடுத்து, நெருக்கமாக நிற்கவை. கனமான பெட்டி அலமாரியின் கீழ் அடுக்கில், சக்கரத்துக்கு நேராக இருக்கட்டும். வண்டியின் பின்கோடியில்தான் ஆட்டம் அதிகம். அலமாரிக் கதவுக்குக் கொக்கி போடு, காந்தத்தை நம்பாதே.

அம்மா சொன்னாளென்று வைக்கோலும் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே தாங்கியது. ஆனால் முட்டம் கடற்கரையில் இரண்டு நாள் நின்றதும் ஈரமேறிப் பூஞ்சை வாடை!

இப்போது இவருடைய கட்டன்சாயாவுக்கு (பால் விடாத டீ) மட்டும் இரண்டு கண்ணாடி டம்ளர். மற்றதெல்லாம் எவர்சில்வர்தான்.