வழக்கறிஞர் இல்லாமல் சிவில் வழக்கு நடத்தும்போது, எதிர்த்தரப்புக்கு அனுப்பும் எழுத்துமூலக் கேள்விகளை எப்படித் தயாரிப்பது?

கலிஃபோர்னியா மாநில நீதிமன்றத்தில் தாமே வழக்கு நடத்தும் ஒருவர், 'இன்டராகட்டரி' எனப்படும் எழுத்துமூலக் கேள்விகளை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். நான் வழக்கறிஞர் அல்லன். வீட்டைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டுச் சென்ற ஓர் ஒப்பந்ததாரர்மீது அங்கே நானே வழக்குத் தொடுத்து நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் முதலில் அனுப்பிய கேள்விகளில் ஒன்று இது: "வேலையைப் பாதியில் நிறுத்தி எங்களை ஏன் ஏமாற்றினீர்கள்?" ஒரு மாதம் காத்திருந்த பிறகு வந்த பதிலில், கேள்வி தெளிவாக இல்லை, வாதமாக இருக்கிறது, இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்கிறது என்று மூன்று ஆட்சேபணைகள் மட்டுமே இருந்தன. கோபம் வந்தாலும், அந்த ஆட்சேபணைகள் நியாயமானவை என்பதைப் பிறகு ஒப்புக்கொண்டேன். பதிலைப் பெரும்பாலும் எதிராளியின் வழக்கறிஞர்தான் எழுதுகிறார். கேள்வியில் நழுவ இடமிருந்தால் அதைப் பயன்படுத்துவது அவருடைய தொழில்.

அடுத்த தொகுப்பில் அதே விஷயத்தை இப்படிக் கேட்டேன்: "2022 மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அந்த வீட்டில் உங்கள் சார்பில் வேலை செய்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைத் தெரிவிக்கவும்." இதற்கு ஆட்சேபணை வரவில்லை. பதிலில் இருந்த பெயர்களில் ஒருவர் தரை ஓடு பதிப்பவர். சாமான் வந்து சேராததால் மூன்று வாரம் சும்மா இருந்ததாக அவர் சொன்னதுதான் பின்னர் என் வழக்குக்குப் பெரும் பலமாக அமைந்தது.

ஆகவே கேள்வி எழுத உட்காரும் முன், நீங்கள் எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்த மீறல் வழக்கென்றால், ஒப்பந்தம் இருந்தது, உங்கள் பங்கை நீங்கள் செய்தீர்கள், எதிராளி தன் பங்கைச் செய்யவில்லை, அதனால் உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டது ஆகியவை அதில் வரும். எதிருரையில் பிரதிவாதி சொல்லியிருக்கும் ஒவ்வொரு தற்காப்பையும் அதன் கீழே சேர்த்து, எதற்கு உங்களிடம் சான்று இல்லையோ அங்கே கேள்வியை வையுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டு எண்ணிக்கையை வீணாக்க வேண்டாம்.

எண்ணிக்கை என்று சொல்லக் காரணம் உண்டு. 35,000 டாலருக்கு மேற்பட்ட வழக்குகளில், நீங்களே வகுக்கும் கேள்விகளுக்கு 35 என்பது வரம்பு. அதற்கு மேல் தேவையென்றால் காரணம் காட்டும் உறுதிமொழி இணைக்க வேண்டும். அந்தத் தொகைக்கு உட்பட்ட வழக்குகளில் கேள்விகள், ஆவணக் கோரிக்கைகள், ஒப்புதல் கோரிக்கைகள் (குறிப்பிட்ட ஒன்று உண்மைதான் என்று ஒப்புக்கொள்ளும்படி எதிராளியைக் கேட்பவை) எல்லாம் சேர்த்தே 35தான். பெரிய வழக்குகளில், மாநில நீதிமன்றங்களுக்கான விதிகளை வகுக்கும் நீதித்துறை மன்றம் வெளியிட்டுள்ள 'டிஸ்க்-001' என்ற அச்சுப் படிவத்தில் நீங்கள் குறியிடும் கேள்விகள் இந்த வரம்பில் சேர்வதில்லை. எனவே அதிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். அதில் 15.1ஆம் கேள்வி, பிரதிவாதியின் ஒவ்வொரு மறுப்புக்கும் தற்காப்புக்கும் உள்ள உண்மைகள், சாட்சிகள், ஆவணங்களைக் கேட்கிறது. 17.1ஆம் கேள்வியை ஒப்புதல் கோரிக்கைகளோடு சேர்த்து அனுப்பினால், எதை அவர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லையோ அதற்கான காரணத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த இணைப்பைப் பலர் தவறவிடுகிறார்கள்.

சொந்தக் கேள்விகளில் உட்பிரிவுகளும், "மற்றும்", "அல்லது" என்று இரண்டு விஷயங்களைக் கோக்கும் அமைப்பும் கூடாது. முன்னுரையோ அறிவுறுத்தலோ சேர்க்கவும் கூடாது. ஒவ்வொரு கேள்வியும் தனித்து நின்று பொருள் தர வேண்டும்.

வாதியாக இருந்தால், பொதுவாகப் பிரதிவாதிக்கு அழைப்பாணை சார்வு செய்யப்பட்டு, அதாவது முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டு, 10 நாள் கழிந்த பின்னரே கேள்விகளை அனுப்ப முடியும். தபாலில் சேர்ப்பதை வழக்கில் கட்சியாக இல்லாத, 18 வயது நிறைந்த ஒருவர் செய்து, சார்வுச் சான்றில் கையெழுத்திட வேண்டும். கேள்விகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதில்லை. மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். பதிலுக்கு 30 நாள், மாநிலத்துக்குள் தபாலில் அனுப்பினால் கூடுதலாக 5 நாள்.

பதில் வந்த அன்றே கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கட்சிக்காரரே கையெழுத்திட்ட சத்திய உறுதிமொழி இல்லாவிட்டால், தகவல் தரும் பதில்கள் பதிலே வராததற்குச் சமம். உறுதிமொழியோடு வந்த பதில் போதாதென்றால், முதலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதிப் பேசித் தீர்க்க முயல வேண்டும். முடியாவிட்டால் 45 நாளுக்குள், அதுவும் தபாலில் வந்திருந்தால் சேரும் நாட்களைக் கணக்கிட்டு, மேலும் பதிலளிக்க உத்தரவிடக் கோரும் மனுவைத் தந்துவிட வேண்டும். முதல் தொகுப்பின்போது அந்த 45ஆம் நாளை நாட்காட்டியில் குறிக்காததால், இரண்டு நல்ல கேள்விகளுக்குப் பதில் பெறும் உரிமையை நான் இழந்தேன்.