தலைநகரைப் பிடித்தும் நாடு பிளக்கவில்லையே?

வணக்கம்.

நாடு கட்டிப் போர் செய்யும் கணினி விளையாட்டான ஃப்ரீசிவ் ஆடுகிறவன் நான். எதிரியின் தலைநகரைப் பிடித்தால் உள்நாட்டுப் போர் மூண்டு அவன் நாடு இரண்டாகும் என்று நண்பன் சொன்னான். முதல் ஆட்டத்தில் 12 நகரம் வைத்திருந்த ஜனநாயக எதிரியின் தலைநகரைப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் எதிரிக்கு 7 நகரம்தான், அப்போதும் இல்லை. மூன்றாவதில் ஒரு சர்வாதிகார நாடு பட்டென்று பிளந்தது. இது வெறும் குலுக்கல்தானா? அதைவிட, ஒரு ஊர் விழுந்ததும் நாடு உடையுமா? ராஜா அடுத்த ஊரில் போய் உட்கார மாட்டானா? நீங்கள் வேலூர்க்காரர், வரலாறும் எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

குலுக்கல் உண்டு, ஆனால் அதற்குக் கணக்கும் உண்டு. 1991இல் வந்த முதல் சிவிலைசேஷன் விளையாட்டிலேயே இருந்த யோசனை இது. ஃப்ரீசிவின் பழைய விதிகளில் நாடு பிளக்கும் வாய்ப்பு என்று ஒவ்வொரு ஆட்சிமுறைக்கும் ஒரு சதவீதம் வைத்திருக்கிறார்கள்: சர்வாதிகாரத்துக்கு 80, முடியாட்சிக்கு 70, ஜனநாயகத்துக்கு 30. அப்புறம் கலகத்தில் கிடக்கும் நகரம் ஒவ்வொன்றுக்கும் 5 கூடும், கொண்டாட்டத்தில் இருக்கும் நகரம் ஒவ்வொன்றுக்கும் 5 குறையும். உங்கள் முதல் எதிரிக்கு மூன்று நகரங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தால்கூட வாய்ப்பு 15தான். இரண்டாவது எதிரிக்கு வாய்ப்பே கிடையாது. சர்வர் அமைப்பை மாற்றாவிட்டால் குறைந்தது 10 நகரமாவது இருந்தால்தான் நாடு பிளக்கும்.

இன்னொன்றும் வேண்டும். பிரிந்துபோகும் பாதியை ஏற்று ஆட ஆட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். இதை நிரலின் வசதிக்காகப் போட்ட நிபந்தனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நம் ஊர்க் கதையைத் திரும்பப் படித்தபோது, இந்த விதியிலேயே உண்மை அதிகம் உள்ள பகுதி அதுதான் என்று பட்டது.

ராஜா அடுத்த ஊருக்குப் போக மாட்டானா என்று கேட்டீர்கள். போனார்கள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று விஜயநகரம் பறிபோனது. அரச குடும்பம் பெனுகொண்டாவுக்குப் போனது, பிறகு சந்திரகிரி, பிறகு நம் வேலூர்க் கோட்டை. அவ்வளவு பெரிய தலைநகர் அழிந்தும் நாடு அன்றைக்கே இரண்டாகவில்லை. அங்கங்கே ஆண்ட நாயக்கர்கள் மெல்ல மெல்லக் கை நழுவினார்கள், அவ்வளவுதான்.

பிளந்தது 1614இல். அப்போது எந்த எதிரியும் வேலூரைப் பிடிக்கவில்லை. அரசர் வேங்கடபதி ராயர் இறந்தார், அவர் கைகாட்டிய ஸ்ரீரங்கன் பட்டத்துக்கு வந்தான். ஜக்கராயன் என்ற பிரபு, தன் வீட்டுப் பெண்ணான ராணியின் பிள்ளை என்று சொல்லப்பட்ட ஒரு பையனுக்குத்தான் பட்டம் என்றான். ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு கோட்டைக்குள் அடைத்தான், பிறகு எல்லாரையும் கொன்றான். அதோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை தப்பித்துவிட்டது. ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற யாசம நாயக்கனின் ஏற்பாட்டில் ஒரு சலவைத் தொழிலாளி, பன்னிரண்டு வயதுப் பையன் ராமதேவனை அழுக்குத்துணி மூட்டைக்குள் வைத்துக் காவலைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பாதிரியார் கடிதம் ஒன்றில் இது இருக்கிறது. காவல்காரன் ஒருவன் மூட்டையைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்திருந்தால் கதை வேறு.

அந்த மூட்டை வெளியே வந்த பிறகுதான் உள்நாட்டுப் போருக்கு இரண்டு பக்கம் கிடைத்தது. மதுரையும் செஞ்சியும் ஜக்கராயன் பக்கம், தஞ்சாவூரோ ராமதேவன் பக்கம். இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்து, காவிரிக் கரையில் தோப்பூரில் ஜக்கராயன் செத்தான், ராமதேவன் அரசனானான். ஆட்டத்தில் காலியாக இருக்கும் அந்த இடம் இந்தப் பையன்தான். தலைநகர் விழுவது மட்டும் போதாது, மறுபாதி ஊர்கள் ‘எங்கள் ராஜா இவர்’ என்று காட்ட உயிரோடு ஒருவர் வேண்டும். விதி எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் சதவீதத்தோடு ஒரு வாரிசையும் சேர்ப்பேன். ஒற்றன் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், பிடிபடலாம்.

ஆற்காட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே வரிசை தலைகீழ். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் செத்ததுமே ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சண்டை தொடங்கிவிட்டது. சந்தா சாகிப் ஒரு பக்கம், அன்வருதீன் மகன் முகம்மது அலி மறு பக்கம். 1751இல் முகம்மது அலி திருச்சியில் முற்றுகையில் கிடந்தபோது, அவருக்குத் துணையாக ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைவ் சுமார் 200 வெள்ளைக்காரர்களோடும் 300 சிப்பாய்களோடும் ஆற்காட்டுக்குள் நுழைந்தான். காவல்படை ஏற்கெனவே ஓடியிருந்தது. சந்தா சாகிப் திருச்சியிலிருந்து ஒரு பகுதிப் படையைப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. 50 நாளுக்கு மேல் முற்றுகை போட்டும் ஆற்காட்டை மீட்க முடியவில்லை. இங்கே தலைநகரைப் பிடித்தது நாட்டைப் பிளக்க இல்லை, எதிரியின் படையைப் பிளக்க. உங்கள் ஆட்டத்தில் இதற்கு எந்தச் சதவீதமும் கிடையாது, ஆனாலும் செய்து பார்க்கலாம்.

சரி, அடுத்த ஆட்டத்தில் தலைநகர் மேல் கை வைக்கும் முன்னால் எதிரியின் ஆட்சிமுறையையும் நகரக் கணக்கையும் பாருங்கள். ஜனநாயகம் என்றால் அவசரப்படாதீர்கள், அவன் ஊர்கள் கலகத்தில் இறங்கும்வரை மற்ற நகரங்களை நெருக்குங்கள். வேலூர் வந்தால் சொல்லுங்கள், சாயங்காலம் அகழியை ஒட்டி நடந்துகொண்டே மிச்சத்தைப் பேசலாம்.