ஒரே பழைய கணினிக்கு இரண்டு வடிவம்: நண்பர்கள் இருவரும் தனித்தனியாகக் கூட்டு நிதி திரட்டலாமா?

கேள்வி இதுதான்: தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு நண்பர்கள். 80-களின் பாணியில் ஒரு 8 பிட் கணினி செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு அசல் சில்லுகளோடு கையால் ஈயம் வைத்துக் கட்டும் போர்டு வேண்டும், மற்றவருக்கு எச்டிஎம்ஐ டிவியில் நேராகச் செருகும் நவீன போர்டு. தனித்தனியாகப் பணம் திரட்டினால் ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்வோமா என்று கேட்கிறார்கள்.

திரட்டலாம். ஆனால் ஒரே மாதத்தில் வேண்டாம். அப்புறம், ஒருவர் போர்டுக்கு எழுதிய புரோகிராம் இன்னொருவர் போர்டில் ஓடாது என்றால் வேண்டவே வேண்டாம். இந்தக் கூத்தை நானும் என் அத்தை மகனும் ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டோம்.

எனக்குக் கும்பகோணத்தில் யுபிஎஸ், இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடை. பள்ளிகளில் கணினி கற்றுக்கொடுக்க மத்திய அரசு 1984-ல் கிளாஸ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் வந்த பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினியில்தான் நாங்கள் இருவரும் கணினியைத் தொட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரு பெட்டிக்கு ஆறு பேர். ஆன் செய்ததும் தாழ்ந்த குரலில் ஒரு 'பூ', உடனே மேலே ஒரு 'பீப்'. திரையில் '32கே' என்று வரும். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் குட்மார்னிங் படம் அந்த 32கே-யில் அடங்காது, ஆனால் அந்தப் 'பூ-பீப்' சத்தத்துக்குச் சமமான ஒன்றை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்தக் காலத்து 8 பிட் கணினிகள் பலவற்றுக்கு மூளையாக இருந்த இசட்80 சில்லு 1976-லிருந்து விற்பனையில் இருந்தது. அந்த 40 கால் சில்லுக்கு 2024 ஜூனோடு கடைசி ஆர்டர் என்று அதைச் செய்யும் சைலாக் நிறுவனம் அறிவித்ததும் எங்கள் பழைய கணினி ஆர்வலர் குழுவில் ஒரே பதற்றம். அந்தப் பதற்றத்தில்தான் நான் இசட்80 போர்டு ஒன்றை வரைந்தேன். மச்சான் அதையே எஃப்பிஜிஏ-வில் செய்கிறேன் என்றான். எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி ஏற்றிக்கொள்ளும் சில்லு. பழைய சில்லு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. கூட்டு நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவில் இருப்பவர் பணம் போடலாம், ஆனால் நேரடியாகத் திட்டம் தொடங்க அதில் இடமில்லை. அதனால் ஒரு கூகுள் படிவம், யுபிஐ எண், அவ்வளவுதான். இருவரும் ஒரே தை மாதத்தில் திறந்தோம். பொங்கல் போனஸ் கையில் இருக்கும் என்று கணக்கு.

எனக்கு 23 பேர், அவனுக்கு 19 பேர். இதில் நாங்கள் எதிர்பார்க்காதது மூன்றாவது கூட்டம். வழக்கமாக முதல் ஆளாகப் பணம் போடும் பதினொரு பேர் இரண்டு பக்கமும் போடவில்லை. கேட்டால், "எது நிக்குதுன்னு பாத்துட்டு வாங்கிக்கிறோம் சார்" என்றார்கள். போட்டி வந்தால் வாங்குபவர்கள் இரண்டாகப் பிரிவார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். பிரிவதைவிட மோசம், காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன வட்டத்தில் அந்தக் காத்திருப்பே இரண்டையும் முடித்துவிடும்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். மாதிரி போர்டில் கீபோர்டு ஒயரை நேராக ஈயம் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தேன். பழைய கீபோர்டு செருகும் வட்டமான பிஎஸ்2 சாக்கெட்டைக் கடைசியில்தான் வரைபடத்தில் சேர்த்தேன், அதையும் பின்பக்கமிருந்து பார்ப்பதுபோல. அந்த ஆறு கால் சாக்கெட்டில் மூன்றாவது கிரவுண்டு, நான்காவது 5 வோல்ட். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பினால் இந்த இரண்டும் இடம் மாறிவிடும். முதல் கீபோர்டைச் செருகியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், யுபிஎஸ் கடைக்காரனுக்கு அது பழகிய வாசனைதான், ஆனால் இந்த முறை எரிந்தது என் காசு. 23 போர்டு, ஒன்றுக்கு நாலு ஒயர். பிளேடால் தடத்தை அறுத்து, 92 ஒயரையும் திண்ணையில் உட்கார்ந்து வைத்தேன். நடுவில் கரன்ட் போனால் சால்டரிங் அயர்ன் ஆறிவிடும். கடையில் விற்கும் இன்வெர்ட்டரில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவர இரண்டாம் நாள்தான் தோன்றியது.

மச்சானுக்கு வேறு சோதனை. அவன் பிளாஸ்டிக் பெட்டியும் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். சுவாமிமலையில் சிலை வார்க்கும்போது மெழுகு உருகி ஓடிவிடும், மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். ஒரே ஒரு சிலை வேண்டுமென்றாலும் செய்துவிடலாம். பிளாஸ்டிக் அப்படியில்லை. ஒரு பெட்டி வேண்டுமென்றாலும் ஆயிரம் வேண்டுமென்றாலும் எஃகு அச்சு ஒன்றுதான், அதற்கான பணம் முதலிலேயே போயாக வேண்டும். அவனுக்கு வந்த கொட்டேஷன் நாலரை லட்சம். 19 பேரால் ஆகுமா? என்னுடைய 23 பேரைச் சேர்த்தாலும் ஆகாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல். திரட்டிய பணம் தனிக் கணக்கில் இருந்ததால் முடிந்தது. நீங்களும் அதை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

பெரிய இடங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 80-களில் பிரிட்டனில் புகழ்பெற்ற இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் பெயரில் வேகா பிளஸ் என்ற கையடக்கக் கருவிக்கு 2016-ல் இண்டிகோகோ என்ற நிதி திரட்டும் தளத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இயக்குநர்களுக்குள் பிளவு, வழக்கு, தாமதம். 2018-ல் ஏதோ சில பேருக்குப் பொருள் போனது, 2019-ல் நிறுவனமே கலைக்கப்பட்டது. பிரிந்துபோன இயக்குநர்கள் தொடங்கிய கம்பெனிதான் பிறகு திசி64 மினியையும், 2024-ல் தி ஸ்பெக்ட்ரம் என்ற கணினியையும் கடைக்குக் கொண்டுவந்தது. இதற்கு நடுவில் இன்னொரு குழு ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்று 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் இறங்கியது. கேட்டது 2.5 லட்சம் பவுண்டு, கிடைத்தது 7.2 லட்சத்துக்கு மேல், பணம் போட்டவர்கள் 3,113 பேர். அவர்களையும் இழுத்தடித்தது சில்லு அல்ல, பெட்டியும் கீபோர்டும்தான். முழுக் கணினி கைக்கு வந்தது 2020-ல். ஆனாலும் அதே ஆண்டு இரண்டாம் முறை கேட்டபோது 18 லட்சம் பவுண்டு தாண்டியது. நெக்ஸ்டின் வரைபடங்கள் வெளிப்படையாக இருந்ததால் என்-கோ போன்ற நகல் போர்டுகளும் வந்தன. அவற்றிலும் அதே புரோகிராம்கள் ஓடின, அதனால் நெக்ஸ்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஏகான் லைட் என்ற 8 பிட் கணினி போர்டு இன்னும் நல்ல உதாரணம். 2022-ல் ஒருவர் திறந்த வடிவமாக வெளியிட்டார், பல்கேரியாவின் ஓலிமெக்ஸ் நிறுவனம் அதைத் திருத்தி ஏகான்லைட்2 என்று விற்றது. இரண்டு போர்டிலும் புரோகிராம் எழுத ஒரே பிபிசி பேசிக் மொழி. ஒருவர் எழுதிய விளையாட்டு எல்லோருக்கும் கிடைக்கிறது, எந்தப் போர்டை வாங்கினாலும் வாங்கியவர் அநாதையாக நிற்பதில்லை.

நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். புரோகிராம் ஒவ்வொரு பாகத்தோடும் பேச ஒரு எண் உண்டு, அதை போர்ட் என்பார்கள். ஒலிக்கு நான் 48-ஆம் போர்ட்டை வைத்தேன், அவன் 160-ஐ. என் பாம்பு விளையாட்டு அவன் மாதிரி போர்டில் ஊமையாக ஓடியது. வைகாசியில் ஒரு நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தான். "மச்சான், ரெண்டு பேரும் ஒரே ஆளுங்ககிட்டதான் கையேந்துறோம். பாஷையாவது ஒண்ணா இருக்கட்டும்" என்றான். ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போர்ட் எண்கள், திரை தொடங்கும் முகவரி, கீபோர்டு குறியீடுகள் எல்லாவற்றையும் எழுதினோம். ஒரே ஒரு பக்கம்தான். தையிலேயே எழுதியிருக்கலாம்.

நீங்களும் அந்தப் பக்கத்தை முதலில் எழுதிவிடுங்கள். பிறகு கையால் கட்டும் போர்டு முன்னால் போகட்டும். அது சின்னப் பணம், தப்பினால் பிளேடும் ஒயரும் போதும். எச்டிஎம்ஐ போர்டு ஆறு மாதம் கழித்து வரட்டும். அதற்குள் அதில் ஓட நாலு விளையாட்டாவது தயாராக இருக்கும். பெட்டி தருகிறேன் என்று மட்டும் இருவரும் வாயைக் கொடுக்காதீர்கள்.

என் இரண்டாவது ஈடு போர்டுகள் இந்த ஆடியில் போயின. மச்சானிடம் பணம் திரும்ப வாங்கியவர்களில் எட்டுப் பேர் அதில் சேர்ந்தார்கள், காத்திருந்த பதினொரு பேரில் ஏழு பேர். சாக்கெட் வரைபடத்தை இந்த முறை மச்சான்தான் சரிபார்த்தான், என்னை நம்பவில்லை.